பின்சக்கரத்துக்கு வைத்த கல்

புருஷன் துளசிங்கம் இறந்ததில் தேவயானிக்கு விளங்காத விஷயம் ஒன்றுதான். அது சாவு இல்லை. சாவு யாருக்கும் விளங்குவதில்லை. அதனால் அதை யாரும் தனியாக உட்கார்ந்து யோசிப்பதும் இல்லை. அவளுக்கு விளங்காதது வண்டியின் பின்சக்கரத்துக்கு அடியில் இருந்த கல்.

திருத்தணி மலை ரோட்டில் சரக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியை எங்கே நிறுத்தினாலும் முதலில் இறங்கிப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டைகொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். மேட்டில் வைத்துப் பழகிய கை, சமதரையிலும் வைக்கும். சொந்த வீட்டு வாசலிலும் வைக்கும். துளசிங்கத்தின் சீட்டுக்கு அடியில் இதற்கென்றே ஒரு கருங்கல் கிடந்தது. உடைந்துபோன அம்மிக்குழவியின் பாதி.

சித்திரைக் கிருத்திகை அன்று பொழுது சாய்ந்து தேவயானி வாசலுக்கு வந்து பார்த்தபோது, அந்தக் கல் பின்சக்கரத்துக்கு அடியில் ஒழுங்காக இருந்தது. அவன் சீட்டில் இருந்தான். ஹாண்டில்பார் மேல் கை, கையின் மேல் தலை. தூங்குகிறான் என்றுதான் நினைத்தாள். தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

அப்படியானால் அவன் வந்திருக்கிறான். இறங்கியிருக்கிறான். குனிந்து கல்லை வைத்திருக்கிறான். பிறகு வீட்டுக்குள் வராமல் மறுபடி சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அவள் இருந்தாள். கூப்பிடு தூரம்கூட இல்லை, இருமினால் கேட்கிற தூரம். அவன் ஏன் உள்ளே வரவில்லை? ஏன் கூப்பிடவில்லை?

துக்கம் விசாரிக்க வந்தவர்களை எல்லாம் அவள் இதைத்தான் கேட்டாள். வந்தவர்கள், பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். துளசிங்கத்தின் தம்பி விஜயன் மட்டும் பதில் சொல்லிப் பார்த்தான். பள்ளிப்பட்டுப் பக்கம் டீசல் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன் அவன்.

"மயக்கம் வந்திருக்கும் அண்ணி. அப்டியே ஏறிக் குந்திட்டிருப்பான்."

"மயக்கம் வந்தவன் கல்லு வெப்பானா?"

"அது கைப்பழக்கம்."

"கல்லு வெச்ச கைக்குக் கதவத் தட்டத் தெரியாதா?"

விஜயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற பேட்டரி வண்டியைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "எல்லாம் இந்தச் சனியனால வந்தது. ஊமை வண்டி. சத்தம் போடற வண்டியா இருந்திருந்தா எங்கண்ணன் பொழச்சிருப்பான்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

துளசிங்கத்தின் பழைய வண்டியும் டீசல் லோடு ஆட்டோதான். கயிறு சுற்றி இழுத்தால்தான் அதற்கு உயிர் வரும். ஒரு தடவை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் என்று அவன் அதை நிறுத்தவே மாட்டான். சோறு தின்ன வந்தாலும் அது வாசலில் டபடபவென்று அடித்துக்கொண்டே நிற்கும். டீசலோடு மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றுகிற காலம் அது. புகை கறுப்பாக எழும்பி, வேறு வழியே தெரியாததுபோல நேராக வீட்டுக்குள் வரும். கொடியில் காயும் வேட்டி சாம்பல் நிறமாகும். மாவுப் பாத்திரத்தை மூடாமல் வைக்க முடியாது. தேவயானி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவருவாள்.

"நிறுத்து பாவா அத! புகை ஊடெல்லாம் வருது!"

"நிறுத்தனா கெளம்பாதுடி."

"கெளம்பலன்னா இங்கியே கெட. உன்ன யாரு தொரத்தறாங்க?"

"ஆங், நான் இங்க கெடந்தா மலையில இருக்கிற முருகனுக்குப் பொங்கலுக்கு அரிசி யாரு ஏத்துவா? உங்கப்பனா?"

எதிர்வீட்டு அம்சா கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்து நின்றுவிடுவாள். தெருவில் சினிமாவுக்குக் காசில்லாத ஏழைகளுக்கு இதுதான் மேட்னி ஷோ என்று துளசிங்கமே சொல்வான். ஆனால் அம்சாவின் குழந்தைக்கு இளைப்பு இருந்தது. சிரித்துக்கொண்டே அதன் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொள்வாள்.

தேவயானிக்கு இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு மனசுக்குள் படிக்க வராது. பள்ளிப்பட்டில் அவளுடைய அப்பா தறி நெய்தபோது, பத்து வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டியவள் அவள். தறிச் சத்தத்துக்கு மேலே எழும்பிப் படித்த குரல், அப்படியே பழகிவிட்டது. வாய்விட்டுப் படித்தால்தான் எழுத்து உள்ளே இறங்கும். வாராவாரம் ஒரு பத்திரிகை வாங்கி, அதில் வரும் தொடர்கதையைச் சாயங்கால வேளையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆள் ஆளுக்குக் குரலை மாற்றிப் படிப்பாள். கல்யாணமான புதிதில் துளசிங்கம் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "இன்னாடி, தனியாப் பேசிகினு இருக்கே? பேய் பிடிச்சிடுச்சா?" என்று சிரித்தான். அவனுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதும் பத்திரிகையை மடித்து அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்துவிடுவாள்.

பேட்டரி வண்டியைக் கொண்டுவந்தது கணேஷ்ராம். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற கணபதிசுப்பிரமணியனின் பிள்ளை. சென்னையில் படித்து, அங்கேயே ஒரு அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஊருக்குள் சரக்கு ஏற்றி இறக்கும் வண்டிகளின் புகையைக் குறைப்பது அந்த அறக்கட்டளையின் வேலை. கேட்டவர்கள் சிரித்தார்கள். "அடுப்புப் புகைய அப்பா பாத்துக்குறாரு, வண்டிப் புகைய புள்ள பாத்துக்குது" என்றான் துளசிங்கம்.

கணேஷ்ராம் கோபித்துக்கொள்ளவில்லை. சில நாள் பஜார் மூலையில் டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து, போகிற வருகிற லோடு ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கடைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னான். "ஒரு வண்டி உங்க கடைக்கு ஒத்தை மூட்டை சர்க்கரையோட வருது. அது பின்னாடியே இன்னொண்ணு பக்கத்துக் கடைக்கு ரெண்டு டின் எண்ணெயோட வருது. ரெண்டும் பாதிக்கு மேல காலி. காலி வண்டியும் அதே புகையைத்தான் விடறது. லாரி இறக்குற சரக்கையெல்லாம் அரக்கோணம் ரோட்டுல ஒரு கொட்டகையில வெச்சு, ஒரே வண்டி வரிசையா போட்டுண்டு போனா என்ன?"

யோசனை நல்லதுதான் என்றார்கள். ஆனால் முதலில் யார் கடையில் இறக்குவது என்று சண்டை வந்தது. பஞ்சாமிர்தக் கடை, மளிகைக் கடை, பூஜைச் சாமான் கடை, எல்லோருக்கும் முதல் இறக்கு தன் வாசலில்தான் ஆக வேண்டும். பொழுது விடிந்து முதல் மூட்டை எதிர்க்கடையில் விழுந்தால் அன்றைக்கு வியாபாரம் விளங்குமா? கணேஷ்ராம் காகிதத்தில் என்னென்னவோ வட்டம் போட்டுப் பார்த்தான். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் துளசிங்கம்தான் எழுந்தான். "முதல் இறக்கு மலையில. மடப்பள்ளிக்கு. அதுக்கு மேல எவனாச்சும் போட்டிக்கு வர்றதுன்னா இப்பவே சொல்லுங்க."

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அடங்கிவிட்டார்கள். கணேஷ்ராம்தான் தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணே, வழியில இறக்கி பாரத்தைக் குறைச்சுண்டு மேல போறதுதான் முறை. நீங்க முழு பாரத்தோட மலை ஏறச் சொல்றேள். பேட்டரி தாங்காது."

"முருகன் சரக்கு மட்டும் ஏத்திப் போறேன். எறங்கி வந்து மத்தது போடறேன்."

"அப்போ ரெண்டு நடை ஆறதே!"

"ஆவட்டுமே. உன் வண்டிதான் புகையே உடாதே சாமி, அப்பறம் இன்னா?"

அப்படித்தான் அந்த ஏற்பாடு நடந்தது. அறக்கட்டளையின் விதிப்படி வண்டி வீட்டுப் பெண்ணின் பெயரில்தான் இருக்க வேண்டும். துளசிங்கம் அன்றிலிருந்து அவளை ஓனரம்மா என்று கூப்பிட்டான். இரவில் வீட்டுச் சுவரிலிருந்து ஒயரை இழுத்து வண்டிக்குச் சொருகுவான். கரண்டு போனால் வண்டியைவிட அவன்தான் அதிகம் வாடிப்போவான்.

அந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது. ரோட்டில் படுத்திருக்கும் ஆடு எழுந்திருக்காது. ஹாரன் அடித்தால் பேட்டரி குறைந்துவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டு அதை அவன் தொடவே மாட்டான். மலை ரோட்டில் நடந்து போகிறவர்கள் ஒதுங்குவதற்காக "அரோகரா!" என்று கத்துவான். அவர்களோ ஒதுங்குவதற்குப் பதில் நடு ரோட்டிலேயே நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, "அரோகரா!" என்று திருப்பிச் சொல்வார்கள். நிறுத்திய வண்டி மேட்டில் மறுபடி நகராது. உடனே கல்லை வைப்பான். அதே பக்தர்கள் பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிடுவார்கள். "பெட்ரோலும் வேணாம், டீசலும் வேணாம். அரோகரா போதும்" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பான்.

மற்ற லோடு ஆட்டோக்காரர்கள் நெல்லு, கரும்பு என்று வெளியூர் லோடுக்குப் போனார்கள். பஜார் புகை குறைந்தது. தெருவில் வேட்டி வெள்ளையாகவே காய்ந்தது. அம்சாவின் குழந்தைக்கு இளைப்பு விட்டது.

தேவயானிக்கும் ஒன்று புதிதாக நடந்தது. அவன் வருவது தெரியாமல் போனது. படித்து முடித்து நிமிர்ந்தால் வாசற்படியில் நிற்பான். திடுக்கிட்டுப் பத்திரிகையை மறைப்பாள். "எப்ப வந்தே?" என்பாள். "இப்பத்தான்" என்பான். ஒருநாள் சாப்பிடும்போது சம்பந்தமில்லாமல் கேட்டான்.

"அந்த டீச்சரம்மா கடைசியில அவனக் கட்டிக்குவாளா, மாட்டாளா?"

"எந்த டீச்சரு?"

"அதான்... ஒரு டீச்சரம்மா. எவனோ போஸ்ட் ஆபீஸ்காரன் சுத்திகினு இருக்கான்னாங்க. பஜார்ல பேசிகினாங்க."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. முனிசிபல் பள்ளிக்கூடத்து டீச்சர்களை எல்லாம் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். "ஊரு வம்பு உனக்கெதுக்கு? சோத்தத் தின்னு" என்றாள். அவன் அவளை ஒருமாதிரி பார்த்துச் சிரித்துவிட்டு ரசத்தைக் குடித்தான்.

சித்திரைக் கிருத்திகை அன்று மலையில் கூட்டம். காலையிலிருந்து அவன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். கிருத்திகை அன்று அவன் வந்து சாப்பிட்ட பிறகுதான் அவள் விரதம் விடுவாள். வெயில் தாழ சமையலை முடித்துவிட்டு, பசி தெரியாமலிருக்கப் பத்திரிகையை எடுத்தாள். படித்து முடித்து, விளக்கேற்றி, இன்னும் வரவில்லையே என்று உள்ளுக்குள் அவனைத் திட்டியபடி வாசலுக்கு வந்தாள். வண்டி நின்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, மாரடைப்பு, முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் என்றார். என்ன தொழில் என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே டீசல் வண்டி என்று அவள் சொன்னதும், "அத்தனை வருஷம் உள்ள இழுத்த புகையும் ஒரு காரணமா இருக்கலாம்மா. உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்.

உறுதியாக ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் வினை. காலையில் எழுந்ததும் தேவயானிக்கு டாக்டர் சொன்னதுதான் சரி என்று படும். பழைய வண்டிதான் கொஞ்சம் கொஞ்சமாக அவனைத் தின்றது. புதுவண்டி வந்தபோது காரியம் கைமீறியிருந்தது. சாயங்காலமானால் விஜயன் சொன்னது சரி என்று படும். பழைய வண்டியாக இருந்திருந்தால் வாசலில் டபடபவென்று அடித்துக்கொண்டு நின்றிருக்கும். புகை உள்ளே வந்திருக்கும். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அவள் திட்டுவதற்காகவாவது வெளியே ஓடியிருப்பாள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? எந்த வண்டி கொன்றது, எந்த வண்டி காப்பாற்றியிருக்கும் என்று சோற்றில் கை வைத்துக்கொண்டு யோசிப்பாள். சோறு காய்ந்துபோகும். கடைசியில் எல்லாம் அந்தக் கல்லில் வந்து நிற்கும். அவன்தான் இறங்கினானே. ஏன் திரும்ப ஏறினான்?

கருமாதி முடிந்து நகரியில் வாழ்க்கைப்பட்ட மகளும் ஊருக்குப் போன பிறகு, தெரு பழையபடி ஆனது. பேட்டரி வண்டி தார்ப்பாய் போர்த்தி வாசலில் கிடந்தது. கடைக்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு ஆளுக்கொரு டீசல் வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். பஜாரில் பழைய புகை. அம்சா மட்டும் அவள் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை. எதிரே பார்த்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். குழந்தை மறுபடி இளைக்கிற சத்தம் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. நம்ம வண்டி நின்றதால் கோபம்போல என்று தேவயானி நினைத்துக்கொண்டாள்.

ஆடி பிறந்ததும் கணேஷ்ராம் வந்தான். நெடுநேரம் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, எனக்குக் கேக்கவே கூச்சமா இருக்கு. வண்டி ஓடலைன்னா ஆபீஸ்ல திருப்பி எடுத்துப்பா. செங்கல்பட்டுக்குக் கொடுக்கணுமாம். திங்கக்கிழமை லாரி அனுப்பறேன்னு சொல்லிட்டா. ஓட்டறதுன்னா ஆடிக் கிருத்திகைக்குள்ள ஓடணும். வேண்டாம்னாலும் யாரும் உங்களைத் தப்பா சொல்ல மாட்டா. வண்டி உங்க பேர்ல இருக்கு. நீங்க சொல்றதுதான்."

பக்கத்தில் நின்ற விஜயன் முந்திக்கொண்டான். "எடுத்துகினு போங்க சாமி. சாவு உழுந்த வண்டிய எவன் தொடுவான்? மலைக்குத்தான் ஏத்துவீங்களா?"

"அப்பாகிட்ட கேட்டுட்டேன். மஞ்சத்தண்ணி தெளிச்சுக் கொண்டுவரச் சொல்லு, அரிசி தானா நடந்தா வரும்னார்."

"அப்ப உங்கப்பாவே ஓட்டட்டும்."

கணேஷ்ராம் தேவயானியைப் பார்த்தான். அவள் அவனைக் கேட்டாள். "தம்பி, நீ படிச்சவன். எறங்கிக் கல்லு வெச்ச மனுசன் ஏன் திரும்ப ஏறிக் குந்துவான்?"

அவன் முழித்தான். "மூச்சு வாங்கியிருக்கும்க்கா. உக்காந்தா தேவலைன்னு..."

"குந்தறதுக்கு ஊடு இருக்குதே."

அவன் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். திங்கட்கிழமைக்குள் சொல்கிறேன் என்றாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வண்டி போய்விட்டால் அந்தக் கேள்வியும் லாரியேறிப் போய்விடும் என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷமே, பதில் அந்த வண்டியில்தான் எங்கோ இருக்கிறது, அதை எப்படி அனுப்புவது என்று தோன்றும். தார்ப்பாயை விலக்கிச் சீட்டில் ஏறி அவன் உட்கார்ந்ததுபோலவே உட்கார்ந்து பார்த்தாள். அங்கிருந்து திறந்த கதவும் அடுப்பங்கரையின் ஒரு மூலையும் தெரிந்தன. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விஜயன் தன் டீசல் ஆட்டோவில் வந்தான். மறுநாள் லாரி வருவதற்குள் பேட்டரி வண்டியில் இருக்கும் அண்ணன் சாமான்களை எடுத்து வைக்கலாம் என்று வந்தவன், வண்டியை வாசலில் ஓடவிட்டே இறங்கினான். தேவயானி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். டபடபவென்ற சத்தமும், அதன் பின்னாலேயே புகையும் வந்தன. அவளுக்கு எப்படி எழுந்தோம், எப்படி ஓடினோம் என்று தெரியாது. முந்தானை மூக்கில் இருந்தது.

"நிறுத்துடா அத! புகை ஊடெல்லாம் வருது! உங்க வம்சத்துக்கே நிறுத்தற புத்தி கெடையாதா?"

விஜயன் பயந்துபோய் நிறுத்தினான். தெரு நிசப்தமானது. எதிர்வீட்டு வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அம்சா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையானது. குழந்தையோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

தேவயானி தெருவைத் தாண்டிப் போனாள். "இன்னாடி? இன்னாத்துக்கு அழுவுறே?"

"நான் பாத்தேன்க்கா" என்றாள் அம்சா. "அன்னிக்கி அண்ணன் வந்தத நான் பாத்தேன்."

"எப்ப?"

"வெளக்கு வெக்கறதுக்கு முன்ன. வந்தாரு. எறங்கினாரு. கல்லு வெச்சாரு. திரும்ப ஏறிக் குந்தினாரு."

"ஏன்டி? ஏன் ஏறினாரு?"

அம்சா மூக்கை உறிஞ்சினாள். "அவரு எப்பவும் அப்டித்தானே செய்வாரு. உனக்குத் தெரியாது. நீ உள்ள கதை படிப்பே. சத்தம் போட்டு, டீச்சரு மாரி ஒண்ணு, போஸ்ட்மாஸ்டர் மாரி ஒண்ணு, குரல மாத்திமாத்தி. கல்ல வெச்சுட்டு ஏறிக் குந்தி அதக் கேட்டுகினே இருப்பாரு. நீ முடிச்சப்பறம்தான் இப்பத்தான் வந்தவராட்டம் உள்ள வருவாரு. ஒருநா நான் கேட்டேன், 'இன்னாண்ணே, உள்ள போறதுக்கு ஓனரம்மா டிக்கெட் குடுக்கலியா?'ன்னு. 'அம்மா தாயே, அவகிட்ட சொல்லிடாத, நான் கேக்கறேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவா. பழைய வண்டி இத்தினி வருசம் இத எனக்குக் கேக்க உடலியே'ன்னாரு."

தேவயானி அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கும் அப்டித்தான். நான் கொழந்தைக்குச் சோறு ஊட்டிகினு நின்னேன். என்னப் பாத்து வாய்மேல வெரல வெச்சாரு, கம்முனு இருன்னு. சிரிச்சாரு. நான் உள்ள போயிட்டேன். அப்பறம் ஒருதரம் எட்டிப் பாத்தப்போ தல சாஞ்சு இருந்தாரு. கிருத்திகை, மலைக்கும் கீழுக்கும் அலைஞ்ச மனுசன், கதை கேட்டுகினே தூங்கிட்டாரு, எழுப்ப வேணாம்னு நெனச்சேன். நான் எழுப்பியிருக்கணும்க்கா. அத உன்னாண்ட எப்டி வந்து சொல்றது?"

குழந்தை அம்மாவின் அழுகையைப் பார்த்துத் தானும் அழுதது. இளைப்பில் அதற்கு அழுகை முழுசாக வரவில்லை; விட்டுவிட்டு வந்தது. தேவயானி அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தட்டினாள். கல்லுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைத்ததும் இருந்த குழப்பம் தீரும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது தீரவில்லை, வேறொன்றாக மாறி நின்றது. அன்றைக்கு அந்த அத்தியாயத்தில்தான் டீச்சர் போஸ்ட்மாஸ்டருக்குப் பதில் சொன்னாள். கடைசிப் பக்கத்தில். அவன் எதுவரைக்கும் கேட்டான்? டீச்சர் சொன்னதைக் கேட்டானா, அதற்கு முன்னாலேயே போய்விட்டானா? நடுவில் கொல்லைக் கதவைச் சாத்த ஒருதரம் எழுந்து போனாளே, அப்போதா?

அதை அம்சாவும் சொல்ல முடியாது. டாக்டரும் சொல்ல முடியாது.

குழந்தையை அம்சாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது விஜயன் தார்ப்பாயை மடித்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து சாமான்களை எடுத்து வாசலில் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு திருநீற்றுப் பை, டார்ச், துடைக்கிற துணி. கல்லை எடுத்தான்.

"அத அங்கியே வெய்யி" என்றாள் தேவயானி.

"நாளைக்கி லாரி வருதே அண்ணி."

"லாரி வேணாம்னு கணேஷ்ராம் தம்பிகிட்ட போய்ச் சொல்லு. வண்டி ஓடும்."

"யாரு ஓட்டறது?"

"நீதான்."

"நானா? எங்கண்ணன் உயிரு போன சீட்டுல என்னக் குந்தச் சொல்றியே, உனக்கு இன்னா ஆச்சு?"

"உங்கண்ணன் அந்த சீட்டுல சந்தோசமா குந்திகினு இருந்தானாம்டா. எனக்கும் இப்பத்தான் தெரியும்." எதிர்வாசலைக் கையால் காட்டினாள். "அந்தக் கொழந்தைய பாரு. நீ வாசல்ல நிறுத்தின ஒரு நிமிசத்துக்கே எப்டி இழுக்குது பாரு."

விஜயன் அம்சாவின் வாசலைப் பார்த்தான். தன் ஆட்டோவையும் பார்த்தான். "ஊமை வண்டிய என்னால ஓட்ட முடியாது அண்ணி" என்றான். "காவடிக்குக் கட்டுவாங்களே, அந்த மணியாவது வாங்கிக் கட்டறேன். வர்றது தெரியணும். உனக்கும் தெரியணும்."

"கட்டு" என்றாள். உடனே, "வேணாம்" என்றாள். பிறகு அதுவும் சரியில்லை என்று பட்டது. மலை ரோட்டில் ஜனங்கள் ஒதுங்க வேண்டும். வீட்டிலோ மணி கேட்டால் அவள் படிப்பதை நிறுத்திவிடுவாள், அவளுக்கே தெரியும். மணி இல்லாவிட்டால் வாசலில் இன்னொருவன் தலை சாய்ந்து கிடந்தாலும் தெரியாது. இரண்டும் சரியாக இருந்தது, இரண்டும் தப்பாக இருந்தது. "மலைக்குப் போறப்ப கட்டு. தெருமுனையில வந்து..." என்று ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் நின்றாள்.

"தெருமுனையில வந்து?"

"உன் இஷ்டம்" என்றாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் மஞ்சள் தண்ணீர் தெளித்த வண்டி மலையேறியது. காவடிக் கூட்டத்துக்கு நடுவில் வண்டியில் கட்டிய மணி எது, காவடி மணி எது என்று யாருக்கும் தெரியவில்லையாம். ஜனங்கள் வழக்கம்போல நடு ரோட்டில் நின்று அரோகரா சொல்லி, வழக்கம்போலத் தள்ளி ஏற்றிவிட்டார்களாம். மடப்பள்ளியில் கணபதிசுப்பிரமணியன் மூட்டைகளை எண்ணாமலே உள்ளே தூக்கச் சொன்னாராம். இதெல்லாம் விஜயன் பிறகு சொன்னது.

அன்று சாயங்காலம் தேவயானி அந்தப் பழைய பத்திரிகையை அரிசிப்பானைக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். அதே அத்தியாயம். அடுப்பங்கரையில் உட்காராமல், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். முதலில் குரல் எழும்பவில்லை. போஸ்ட்மாஸ்டர் பேசும் இடத்தில் எழும்பியது. இம்முறை நடுவில் எழுந்திருக்கவில்லை. டீச்சர் பதில் சொல்லும் கடைசிப் பக்கத்தை, தறிக்கு மேலே படித்த குரலில், தெருவுக்கே கேட்கும்படி படித்தாள்.

முடித்து நிமிர்ந்தாள். மணிச்சத்தம் எதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை. எழுந்து வாசலுக்குப் போனாள். வண்டி நின்றிருந்தது. மணியைச் சுற்றி ஒரு துணி கட்டியிருந்தது. பின்சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தது. விஜயன் சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

அவள் படியிறங்கி ஓடினாள். "டேய்!" என்றாள்.

"இன்னா அண்ணி?" அவன் தலையைத் திருப்பினான்.

"எப்ப வந்தே?"

"இப்பத்தான்" என்றான் விஜயன்.

அது நிஜமா பொய்யா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.